இடைவேளைக்கு அப்புறம் என்ன நடந்துச்சுன்னா

டேய் தம்பி, இத நீ படிக்கும்போது உனக்கு மீசை மொளைச்சிருக்கும். கல்யாணப் பத்திரிக்கைய அடிக்க குடுத்திருப்ப. நான் எழுதுறப்ப உனக்கு அஞ்சு வயசு, யூகேஜி. பக்கத்து ரூம்ல உங்க தாத்தா வயித்து மேல கால போட்டுக்கிட்டு தூங்குற. மத்தியானம் மூணு மணி, ஞாயித்துக்கெழம, கரண்ட் இல்ல. இந்த ரெண்டாயிரத்து பன்னெண்டுல கரண்ட் இருக்கறதுதான் அதிசயம், போறது இல்ல. ஆனா இன்னிக்கி போன நேரம் இருக்கு பாரு, அதுக்காவத்தான் உன் ரஃப் நோட்ட கிழிச்சி எழுதிக்கிட்டிருக்கேன்.

டிவில அந்தப் படம் போட்டான். படத்து பேரு வேணாம், நீ பெரியவனானதும் நானே சொல்றேன். ஒரு பொண்ணு டிரைவிங் ஸ்கூல் நடத்தும். யாருக்கும் அடங்காது, வர்ற மாப்பிள்ளைக்கெல்லாம் அதுவே கேள்வி கேக்கும். அதுகிட்ட கார் கத்துக்க வர்றவன்தான் ஹீரோ. ஒரே சிரிப்பு. நீ தரையில உருண்டு உருண்டு சிரிச்ச. சரியா பாதியில கரண்ட் போச்சு. "அப்புறம் என்னாச்சு தாத்தா?"ன்னு நீ கத்துன. உங்க தாத்தா கொஞ்சம் கூட யோசிக்கல. "அப்புறம் என்னா, அந்தப் பையன் அவள கட்டிக்கிட்டு கார் சாவிய புடுங்கி பீரோல வச்சி பூட்டிட்டான். அவளும் புத்தி வந்து சாம்பார் வைக்க கத்துக்கிட்டா"ன்னாரு. நீ என்ன பாத்து, "அம்மா, நெஜமாவா?"ன்ன. உங்க பாட்டி வாய பொத்திக்கிட்டு உள்ள போயிட்டாங்க. உங்கப்பா பேப்பர்லேர்ந்து தலைய தூக்கவே இல்ல. ஆறு வருசம் ஆச்சு, மனுசன் இன்னும் அதே கதைய சொல்றாரு. அதனால என் பக்கத்து கதைய எழுதி வச்சிடுறேன். வேற யாரு படிச்சாலும் எனக்கு வெக்கம் இல்ல. சிதம்பரம் பூரா ஏற்கனவே பாத்ததுதான்.

என்னப் பத்தி நானே சொல்லிடுறேன், வேற யாராவது சொல்றதுக்கு முன்னாடி. நான் எதையும் பாதியில எழுந்து போறவ. கடலூர்ல டைப்ரைட்டிங் கிளாஸு போனேன், ஆறு மாசம். தையல் கிளாஸு, ஒரு பாவாடை தைக்கிற வரைக்கும். பி.காம் ரெண்டாவது வருசத்துல ஒரு நாள் கிளாஸ்ல ஒக்காந்திருந்தேன், வெளிய மழ வர்ற மாதிரி இருந்துச்சு, பைய எடுத்துக்கிட்டு வந்துட்டேன். திரும்பப் போவல. காரணம் கேட்டா இன்னிக்கும் எனக்கு சொல்லத் தெரியாது. எங்கப்பா, அதான் உன் கடலூர் தாத்தா, கோர்ட்டு பக்கத்துல ஜெராக்ஸ் கடை வச்சிருந்தாரே, அதுல ஒக்காந்துட்டேன். வக்கீலுங்க எல்லாம் என் வாய்க்கு பயந்து வரிசையில நின்னு ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போவாங்க. இந்த மாதிரி பொண்ணுக்கு எவன் வருவான்னு எங்கம்மா பொலம்பிக்கிட்டிருந்தப்பதான் அண்ணாமலை நகர்லேர்ந்து உங்கப்பா ஜாதகம் வந்துச்சு. லேப்ல வேல, அமைதியான பையன், குவாட்டர்ஸ்ல வூடு.

பொண்ணு பாக்க வந்தன்னிக்கி, தனியா பேசுங்கன்னு எங்கள பின்பக்கம் அனுப்புனாங்க. நான் எடுத்த எடுப்புலயே கேட்டேன், "நான் காலேஜ பாதியில வுட்டவ. உங்ககிட்ட சொன்னாங்களா?" உங்கப்பா செருப்ப பாத்துக்கிட்டே சொன்னாரு, "சொன்னாங்க. நான் முழுசா முடிச்சவன், பெருசா ஒண்ணும் ஆயிடல." அவ்ளோதான்டா. அன்னிக்கி முழுக்க அவரு பேசுனதே அது ஒண்ணுதான். எனக்கு அது போதும். அவரு போனதுக்கப்புறம் நான் தட்டுல மிச்சம் இருந்த கேசரிய பூரா சாப்ட்டேன்னு உன் மாமாங்க இன்னும் கிண்டல் பண்ணுவானுங்க. இத எதுக்கு சொல்றேன்னா, அந்தக் கல்யாணம் நடக்கணும்னு ஆசப்பட்டது நான். அது புரிஞ்சாத்தான் மத்தது புரியும்.

பூ வச்சாச்சு. முகூர்த்தப் பட்டு எடுக்க சிதம்பரம் வரச் சொன்னாங்க. எங்கம்மாவுக்கு முட்டி வலி, நானும் கடலூர் தாத்தாவும் மட்டும் பஸ் ஏறுனோம். காடாம்புலியூர் அத்தை குடுத்த முந்திரிப் பருப்ப ஒரு பெரிய பொட்டலமா கட்டி சம்பந்திக்குன்னு எடுத்துக்கிட்டாரு உன் கடலூர் தாத்தா. மேல வீதியில பொடவ எடுத்தோம், அரக்கு கலரு, நீ பாத்திருக்க, பீரோல மேல் தட்டுல இருக்கே அதான். ஓட்டல்ல சாப்ட்டோம். பஸ்ஸுக்கு நேரம் இருந்துச்சு. உங்க பாட்டிதான் மெதுவா சொன்னாங்க, "பஸ் ஸ்டாண்டு பக்கத்துல தேட்டரு இருக்கு. சிரிப்புப் படமாம்." அவுங்க சினிமா கொட்டாயிக்கு போயி எத்தினி வருசம் ஆச்சுன்னு அவுங்களுக்கே தெரியாது.

ஒக்காந்த வரிசைய நல்லா ஞாபகம் வச்சிக்க, கதையே அதுலதான் இருக்கு. இந்தக் கடைசியில உங்க பாட்டி. அவுங்க பக்கத்துல உங்க தாத்தா, மடியில முந்திரிப் பொட்டலம். நடுவுல உங்கப்பா. அவரு பக்கத்துல நான், இது பாட்டி பண்ண ஏற்பாடு. எனக்கு அந்தாண்ட கடலூர் தாத்தா. மொதல் பாதி நான் பாத்தேன். எனக்காவே எடுத்த படம் மாதிரி இருந்துச்சு. அந்தப் பொண்ணு ஒருத்தன பாத்து, "கியரு எதுன்னு தெரியாதவன் என்ன கேள்வி கேக்க வந்துட்ட"ன்னு கேட்டப்ப நான் விசில் அடிக்கப் போனேன், கடலூர் தாத்தா கைய புடிச்சிக்கிட்டாரு.

இடைவேளையில லைட்டு போட்டான். என் மடிய பாக்குறேன், பொடவப் பை இல்ல. ஓட்டல்ல வுட்டுட்டேன். என் கல்யாணப் பொடவைய இட்லி சாப்ட்ட மேசைக்கு கீழ வுட்டுட்டு வந்திருக்கேன். கடலூர் தாத்தா காதுல சொன்னேன். அவரு மொகம் வெளுத்துப் போச்சு. "சம்பந்திக்கு தெரிஞ்சா அபசகுனம்னுடுவாங்க பாப்பா. சத்தம் போடாத, வா." லைட்டு அணைஞ்சதும் ரெண்டு பேரும் குனிஞ்சி வெளிய ஓடுனோம். ரொம்ப நேரம் நின்னு ஒரு ஷேர் ஆட்டோவுல ஏறி ஓட்டலுக்கு போனா, கேஷியர் பைய எடுத்து கல்லாவுக்கு கீழ பத்திரமா வச்சிருக்காரு. குடுத்துட்டு வேற, "கல்யாணப் பொண்ணு நீதானாம்மா?"ன்னு கேட்டு சிரிக்கிறாரு. திரும்பி வந்து சீட்டுல ஒக்கார்றேன், திரையில கடைசி பாட்டு ஓடுது. யாரும் கவனிக்கலன்னு நெனச்சேன்.

வெளிய வந்தா கேட்டு பக்கத்துல லோக்கல் சேனல்காரன் மைக்கோட நிக்கிறான். அப்பல்லாம் புதுப் படம் வந்தா ஜனங்கள நிக்க வச்சி கருத்து கேட்டு கேபிள்ல போடுவாங்க. மொதல்ல உங்க தாத்தாகிட்ட நீட்டுனான். அவரு ஆஃபிஸ்ல சூப்பரிண்டன்ட் இல்லியா, தொண்டைய செருமிக்கிட்டு ஆரம்பிச்சாரு. "பொம்பளன்னா ஒரு அடக்கம் வேணும். கடைசில அந்தப் பையன் அவள அடக்கி வூட்டுல ஒக்கார வச்சான் பாருங்க, அதான் படம். இந்த மாதிரி பொண்ணுங்கள வூட்டு வாசப்படி ஏத்தக் கூடாது." எனக்கு சுர்ருன்னுச்சு. மைக்கு என் பக்கம் வந்துச்சு. நாங்க ஒரே கும்பல்னு அவனுக்கு தெரியாது. நான் சொன்னேன், "பெரியவரு சும்மா சொல்றாரு. அந்தப் பொண்ணு கடைசி வரைக்கும் யாருகிட்டயும் ஒரு சாரி கேக்கல பாருங்க, அதான் கெத்து. நானும் அப்பிடித்தான்." கடலூர் தாத்தா பின்னாடி என் சடைய புடிச்சி இழுக்குறாரு. அப்புறம் உங்கப்பாகிட்ட. அவரு, "நல்லாருக்கு. எல்லாரும் ஒருவாட்டி முழுசா பாக்கணும்"ன்னாரு. ச்சே, இவ்ளோதானா இந்த ஆளுக்கு பேச வரும்னு நெனச்சேன். பாட்டிகிட்ட யாரும் மைக்க நீட்டல.

நாலு நாள் கழிச்சி ஜெராக்ஸ் கடைக்கு போன் வந்துச்சு. உங்க தாத்தா.

"அப்பா இருக்காராம்மா?"

"பேப்பர் வாங்க போயிருக்காரு மாமா. என்னா மாமா?"

"டிவில ரெண்டு மணி நேரத்துக்கு ஒருவாட்டி போடுறான்மா. நான் பேசுறது, ஒடனே நீ பேசுறது. நடுவுல டொய்ங்னு ஒரு சத்தம் வேற வச்சிருக்கான். டீக்கடையில என்ன வாசப்படி சார்னு கூப்புடுறானுங்க. ஆஃபிஸ்ல பியூன் சிரிக்கிறான்."

எனக்கு சிரிப்பு வந்துச்சு, அடக்கத் தெரியல. அவரு குரலு மாறிப்போச்சு. அப்புறம் சொன்னாரு, "பத்திரிக்கை புரூஃப் பிரஸ்ல இருக்கு. இன்னும் அடிக்கச் சொல்லல. நீ வந்து அதே மைக்குல மாத்திச் சொல்லு. பெரியவரு சொன்னதுதான் சரின்னு சொல்லு. அப்புறம் அடிக்கச் சொல்றேன்." வச்சிட்டாரு.

சிரிச்சது தப்புடா. அது என் மொத தப்பு, எழுதிக்க. கடலூர் தாத்தா ராவெல்லாம் தூங்கல. "ஒரு வார்த்ததான பாப்பா, சொல்லிட்டு வந்துடு"ன்னாரு. நான் கணக்கு போட்டுப் பாத்தேன். மாத்திச் சொன்னா ஆயுசுக்கும் அந்த வூட்டுல நான் மாத்திச் சொல்லிக்கிட்டே இருக்கணும். சொல்லலன்னா உங்கப்பா இல்ல. படமோ நல்லா ஓடுது, தேட்டர வுட்டு எடுக்குற மாதிரி தெரியல. படம் ஓடுற வரைக்கும் எங்க கருத்தும் ஓடும்.

மறுநாள் யாருகிட்டயும் சொல்லாம பஸ் ஏறி நேரா கேபிள் ஆஃபிஸுக்கு போனேன். அத நிறுத்தச் சொல்லி சண்ட போடலாம்னு. அங்க போனா நாற்காலியில உங்க தாத்தா ஒக்காந்திருக்காரு, அதே சண்டைக்கு. கூட பாட்டியும் உங்கப்பாவும். மைக்குக்காரன் தலைய சொறியிறான். "சார், நிறுத்துனா ஜனங்க போன் பண்ணுவாங்க சார். வேணும்னா புதுசா எடுத்து அதுக்கு பதிலா போடுறேன். ஆனா ஆஃபிஸ்ல வச்சி எடுக்க மாட்டேன். படம் பாத்துட்டு, கிழிச்ச டிக்கெட்ட கையில வச்சிக்கிட்டு, தேட்டரு வாசல்ல நிக்கணும். எல்லாருக்கும் அதான்."

"நான்தான் பாத்துட்டேனே"ன்னாரு உங்க தாத்தா.

பாட்டி அது வரைக்கும் வாயத் தொறக்கல. "நீங்க எங்க பாத்தீங்க?"ன்னாங்க. "முந்திரிய தின்னுட்டு டைட்டில் போடும்போதே சாஞ்சீங்க. ஒங்க கொறட்டையில எனக்கு ஒரு பாட்டு ஒழுங்கா கேக்கல."

மைக்குக்காரன் சொறியிறத நிறுத்திட்டான். தாத்தா மொகத்த பாக்கணுமே. எனக்கு குதிக்கணும் போல இருந்துச்சு, தூங்கிட்டுத்தான் கருத்து சொன்னீங்களான்னு கேக்க வாய தொறந்துட்டேன். அப்பதான் ஞாபகம் வந்துச்சு, ரெண்டாவது பாதி நானும் பாக்கல. வாய மூடிக்கிட்டேன். என் வாழ்க்கையில நானா வாய மூடுன மொத நாளு அது, தேதி வேணும்னா உங்கப்பாவ கேளு.

மத்தியான ஆட்டத்துக்கு நாலு பேரும் போனோம். அதே வரிசை. உங்க தாத்தா வீராப்பா நிமிந்து ஒக்காந்தாரு, கண்ணையே சிமிட்டல. இடைவேளைக்கு அப்புறம் படம் ஓடுது. அந்தப் பொண்ணு அவசரத்துல ஒருத்தர தப்பா பேசிடுது. அடுத்த சீன்ல அவரு வூட்டுக்கே போயி சாரி கேக்குது. நான் மைக்குல சொன்னதுக்கு நேர் எதிரு. அந்தாண்டயிருந்து உங்க தாத்தா தலைய நீட்டி என்னப் பாத்தாரு. அப்புறம் அது அவுங்கம்மாகிட்ட சாரி கேக்குது. தாத்தா மறுபடியும் தலைய நீட்டுனாரு. மூணாவதா அந்தப் பையன்கிட்டயே கேக்குது, கேட்டுட்டு கெக்கேபிக்கேன்னு சிரிக்கிது. கேட்டதுனால அதுக்கு ஒண்ணும் கொறையல, இன்னும் பெருசாத்தான் தெரிஞ்சுது. நான் சீட்டுக்குள்ள பூந்துக்கலாமான்னு பாத்தேன். சரி, கடைசில அடக்கி ஒக்கார வைப்பான், தாத்தா ஜெயிப்பாருன்னு பாத்தா, கல்யாணம் முடிஞ்சி அந்தப் பொண்ணுதான் கார் ஓட்டுது, மாப்பிள்ளை பக்கத்து சீட்டுல மாலையோட ஒக்காந்துக்கிட்டு பிரேக்க மிதிக்கிற மாதிரி தரைய மிதிக்கிறான். அடக்கவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இப்ப நான் தலைய நீட்டி தாத்தாவ பாத்தேன். அவரு கூரைய பாத்துக்கிட்டிருந்தாரு. உங்கப்பா மட்டும் நடுவுல ஆனந்தமா சிரிச்சி பாத்துக்கிட்டிருந்தாரு.

வெளிய வந்தா மைக்குக்காரன் ரெடியா நிக்கிறான். எங்க மூஞ்சிய பாத்ததுமே சிரிச்சான். "இப்பதான் பாத்தீங்களா ரெண்டு பேரும்? நான் பதினோரு வாட்டி பாத்திருக்கேன். அன்னிக்கி நீங்க சொன்ன ரெண்டு க்ளைமாக்ஸும் படத்துலயே இல்ல. அதுக்குத்தான் போட்டேன், ஊரே சிரிக்கிது." அப்பதான்டா எனக்கு புரிஞ்சிது. வாசப்படி சார பாத்து மட்டும்தான் ஊரு சிரிக்கிதுன்னு நெனச்சி நான் கடலூர்ல சந்தோசமா ஜெராக்ஸ் போட்டுக்கிட்டிருந்தேன். என்னப் பாத்தும்தான் சிரிச்சிருக்கானுங்க. அடங்கணும்னு ஒருத்தரு, அடங்க மாட்டேன்னு ஒருத்தி. ரெண்டு பேரும் பாக்காத படத்துக்கு.

மைக்க நான்தான் மொதல்ல வாங்குனேன். பெரியவரு சொன்னதுதான் சரின்னு சொல்லல. "அன்னிக்கி நான் படத்த பாதிதான் பாத்தேன். பாக்காத பாதிய பத்தி வாய்க்கு வந்தத பேசிட்டேன். பெரியவர மரியாதையில்லாம பேசிட்டேன். சாரி"ன்னேன். அந்தப் பொண்ணு மாதிரி சிரிக்கலாம்னு பாத்தேன், அழுவ வந்துச்சு, ரெண்டும் கலந்து என்னமோ வந்துச்சு. மைக்கு உங்க தாத்தாகிட்ட போச்சு. தூங்குனத சொல்லுவாருன்னு நெனச்சேன். இவராவது, அதச் சொல்றதாவது. தொண்டைய செருமுனாரு. சுத்தி நிக்கிற ஜனத்த ஒரு பார்வ பாத்தாரு. "படம் நல்லாருக்கு"ன்னாரு. என்ன ஒருவாட்டி திரும்பிப் பாத்தாரு. அப்புறம், "இது எங்க வூட்டு மருமவ. அடுத்த மாசம் எங்க வாசப்படி ஏறப் போவுது. எல்லாரும் கல்யாணத்துக்கு வந்துடுங்க"ன்னாரு. பத்திரிக்கையே அடிக்கல, அதுக்குள்ள சிதம்பரத்துக்கே கேபிள்ல அழைப்பு. ஒரு வாரம் ஓடுச்சு அது. முன்ன பின்ன தெரியாத ஜனமெல்லாம் கல்யாணத்துல பந்தியில ஒக்காந்து, வாசப்படி சார் மருமவ எதுன்னு கேட்டாங்க. சாம்பார் பத்தாம ரெண்டு வாட்டி தண்ணி ஊத்துனோம்.

பாட்டிகிட்டயும் அன்னிக்கி மைக்க நீட்டுனான், அத மறந்துடப் போறேன். அவுங்க ரொம்ப நேரம் மைக்க பாத்துட்டு, "எனக்கும் வண்டி ஓட்டக் கத்துக்கணும்"ன்னாங்க. என் ஸ்கூட்டிய எடுத்துக்கிட்டு தெனம் சாய்ங்காலம் கெரவுண்டுக்கு போயி நான்தான் கத்துக் குடுத்தேன். இப்ப உன்ன ஸ்கூலுக்கு கூட்டிக்கிட்டுப் போறது யாருன்னு பாத்துக்க.

கல்யாணம் முடிஞ்சி ஒரு வாரம் கழிச்சி உங்கப்பாகிட்ட பொடவப் பை கதைய சொன்னேன். அதுக்கு மேல மறைச்சி வைக்க முடியல. அவரு சட்டைய அயர்ன் பண்ணிக்கிட்டே, "தெரியும்"ன்னாரு.

"எப்பிடித் தெரியும்?"

"இடைவேளையில போம்போது கையில பை இல்ல. வரும்போது இருந்துச்சு. அந்தாண்ட அப்பா கொறட்ட. நான் தனியாத்தான படம் பாத்தேன்."

"அப்ப ரெண்டு பேரும் மைக்குல பொய் சொன்னோம்னு அன்னிக்கே தெரியுமா?"

"ம்."

"ஏங்க சொல்லல?"

"அதான் சொன்னேனே. எல்லாரும் ஒருவாட்டி முழுசா பாக்கணும்னு."

நான் சிரிச்ச சிரிப்புல அவரும் அயர்ன் பாக்ஸ சட்டை மேலயே வுட்டுட்டு சிரிச்சாரு, அவரு சட்டையில ஒரு ஓட்ட வுழுந்துச்சு. அந்தச் சட்டைய இன்னும் வச்சிருக்கேன். நான் கத்துறவ, உங்க தாத்தா அதட்டுறவரு, ரெண்டு பேருக்கும் நடுவுல ஒக்காந்துக்கிட்டு எல்லாத்தையும் முழுசா பாக்குற ஒரு ஆளு எனக்கு கெடைச்சாரு. அவருக்கு பேச வராதுன்னு மொதல்ல நெனச்சது என் ரெண்டாவது தப்பு.

இப்ப உனக்கு. நீ கட்டிக்கப் போற பொண்ணு என்ன மாதிரி வாயாடியா இருக்கலாம், உங்கப்பா மாதிரி ஊமையா இருக்கலாம், அது ஒன் பாடு. ஆனா அவளப் பத்தி யாராவது முடிவு சொல்ல வந்தா, அது நானாவே இருந்தாலும், முழுசா பாத்தியான்னு கேளு. அவ மேல நீயே கோவப்பட்டா, இடைவேளையில எழுந்து எங்க ஓடுனா, எதத் தேடி ஓடுனான்னு கேட்டுட்டு கோவப்படு. தப்புன்னு தெரிஞ்சா சாரி கேட்டுடு, நாலு பேரு முன்னாடி கேட்டாலும் ஒண்ணும் கொறையாது. நான் இன்னும் முழுசா மாறிட்டேன்னு நெனச்சிக்காத. பி.காம அஞ்சல் வழியில போட்டிருக்கேன், ரெண்டு பேப்பர் பாக்கி நிக்கிது. நீ இத படிக்கிறதுக்குள்ள முடிச்சிட்டேனான்னு கேளு. முடிக்கலன்னா திட்டு.

உங்க தாத்தா தூங்குனத அவருகிட்ட கேக்காத. பேரன்கிட்டயாவது அவரு முழுசா பாத்தவரா இருக்கட்டும்னு பாட்டி என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க, அதான் இன்னிக்கி வாய மூடிக்கிட்டு பேனாவ எடுத்தேன். இது ரெண்டாவது வாட்டி.

கரண்ட் வந்துடுச்சு. ஃபேன் சுத்துது. படம் முடிஞ்சி போயி நியூஸ் ஓடுது. நீ எழுந்து கண்ண கசக்கிக்கிட்டு, "அந்த அக்கா கார் சாவி பீரோலயேவாம்மா இருக்கு?"ன்னு கேக்குற. நான் உங்கப்பாவ பாக்குறேன். உங்கப்பா பேப்பர மடிச்சி வச்சிட்டு, "வாடா, கடைசி சீன் எனக்குத் தெரியும்"னு உன்ன நாற்காலியில ஏத்தி, கையில எவர்சில்வர் தட்ட ஸ்டீரிங்கா குடுத்துட்டு, அவரு பக்கத்துல ஒக்காந்து தரைய மிதிக்கிறாரு.

உன் கல்யாணப் பொடவ எடுத்து முடிச்சதும் அந்தப் படத்த போடு, அந்தப் பொண்ணையும் கூட்டிக்கிட்டு வா, எல்லாரும் ஒண்ணா பாப்போம். நடுவுல உங்கப்பாவ ஒக்கார வை. தாத்தா தூங்குனா எழுப்பாத. நான் எழுந்தா மட்டும் கைய புடிச்சி ஒக்கார வை.